ஜோசப்ராஜ் வாங்கி வந்த மைக்

செஞ்சியில் 'ஜோசப்பு காது' என்றால் தெரியாதவர்கள் குறைவு. ரைஸ் மில்லில் பெல்ட் ஓடுகிற சத்தத்தை வாசலில் நின்று கேட்டே, எந்த பேரிங் சீக்கிரம் கையை விரிக்கப் போகிறது என்று சொல்லிவிடுவான் ஜோசப்ராஜ். மில் முதலாளி முதலில் நம்பவில்லை. மிஷின் நின்றுபோய், நெல் கொண்டுவந்தவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போன பிறகு நம்பினார். கூட்டுரோட்டில் டீ குடிக்கும்போது, வளைவுக்கு அந்தப் பக்கம் வருகிற பஸ் கவர்மெண்ட் வண்டியா பிரைவேட்டா என்று பந்தயம் கட்டுவான். அவன் தோற்றதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

கடவுள் ஒருத்தனுக்கு நிலத்தைக் கொடுக்கிறார், ஒருத்தனுக்கு நிறத்தைக் கொடுக்கிறார். ஜோசப்ராஜின் நைனா தேவசகாயம் கடைசிவரைக்கும் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். நிறமோ, சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆளும் குள்ளம். படிப்பு ஐந்தாவதோடு சரி. ஆக, அவனுக்கென்று கடவுள் ஒதுக்கியது அந்த இரண்டு காதுகள்தான். அதைப் பிறகு அவரே எடுத்துக்கொண்டார் என்பது வேறு விஷயம். கொடுத்தவர் எடுத்துக்கொண்டார் என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னால் தலையாட்டிக் கேட்கலாம். அனுபவிக்கிறவனுக்கு அது ஆறுதலாக இல்லை.

மாதா கோயில் பேண்டு செட்டில் தோளில் மாட்டி அடிக்கிற டிரம்மில்தான் அவன் கை பழகியது. திருவிழாவில் தேர், சாவு வீட்டில் பெட்டி, எது போனாலும் முன்னால் ஜோசப்ராஜ் போவான். அவன் அடிக்கிற அழகைப் பார்த்து, கோட்டைக்குப் போகிற ரோட்டில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்த சர்தார் அவனைத் தன்னுடைய மெல்லிசைக் குழுவுக்கு இழுத்துக்கொண்டான். சர்தார் கிட்டார் வாசிப்பான். அவனுடைய அப்பாவுக்கு அது பிடிக்காது. அவர் மகனோடு பேசுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. அதனால் சர்தாருக்குத் தொந்தரவு ஒன்றும் இல்லை, நிம்மதியாக வாசித்தான். பாடுவதற்கு மங்கை என்று ஒரு டீச்சர். மைக் செட்டுக்குப் பச்சைமுத்து. கோட்டை மெல்லிசைக் குழு என்று பேனரில் எழுதி, இரண்டு பக்கமும் ராஜகிரி மலையை வரைந்திருந்தார்கள். வரைந்தவன் கைவண்ணத்தில் மலை இட்லியைப் போல இருந்தது. ஆனாலும் பேனரைக் கட்டிவிட்டால் ஜோசப்ராஜுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். மில்லில் மூட்டைக்கும் தவிட்டுக்கும் நடுவில் அவன் வெறும் ஜோசப்பு. மேடையில் ட்ரம் செட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தால் அவன்தான் எல்லாவற்றுக்கும் அச்சாணி.

எப்படி என்றால், அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. மேடையில் நின்று பாடுகிறவர்களுக்கு, தங்கள் பாட்டு வெளியே எப்படிக் கேட்கிறது என்று தெரியாது. பச்சைமுத்து ஆம்ப்ளிபயரை வைத்துக்கொண்டு மேடைக்குக் கீழே ஓரத்தில் உட்கார்ந்திருப்பான், அவனுக்கும் சரியாகத் தெரியாது. அதனால் சத்தத்துக்குக் கணக்குப் பார்க்கிற வேலையை ஜோசப்ராஜ் எடுத்துக்கொண்டான். கம்பத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர்களில் ஒன்றைத் தன் தலைக்குப் பின்னாலேயே கட்டச் சொன்னான். "ஜனத்துக்கு இன்னா கேக்குதோ அதே எனக்கும் கேக்கணும்பா" என்பான். வலது கைக் குச்சியை ஒரு நொடி மேலே தூக்கிக் காட்டினால், பச்சைமுத்து சத்தத்தை ஏற்ற வேண்டும். கீழே தாழ்த்தினால் இறக்க வேண்டும். தாளம் ஒரு இம்மியும் பிசகாமல் இந்தச் சைகையை அவன் செய்கிற லாவகத்தைப் பார்க்கவே ஒரு கூட்டம் முன்வரிசையில் உட்காரும். யாரும் அவன் குச்சிக்கு எதிர்ப்பேச்சு பேசியதில்லை.

பகலெல்லாம் மில் மிஷின், ராத்திரியெல்லாம் தலைக்குப் பின்னால் குழாய். எந்தக் காது தாங்கும்? யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை. வேலை செய்கிறவனுக்குக் கையில் காய்ப்புக் காய்ப்பது போல, காதும் கெட்டிப்படும் என்று நினைத்தார்களோ என்னவோ.

முதலில் வந்தது ஒரு இரைச்சல். சுவர்க்கோழி கத்துகிற மாதிரி. வீட்டுச் சுவரில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தான். வயலுக்குப் போனாலும் கத்தியது, கோயிலில் முழங்காலில் நின்றாலும் கத்தியது. அப்புறம் ஒவ்வொன்றாக மங்கத் தொடங்கியது. ட்ரம் செட்டில் மேலே நிற்கிற பித்தளைத் தட்டை, அந்த சிம்பலை, அடித்தால் முன்னெல்லாம் மணி சிதறுகிற மாதிரி இருக்கும். இப்போது ஈரச் சாக்கைத் தட்டுகிற மாதிரி இருந்தது. தட்டு செத்துப்போச்சு என்று சொல்லி, சர்தாரை நச்சரித்து வேறு தட்டு வாங்க வைத்தான். அதுவும் செத்தே வந்தது. மங்கை டீச்சர் வார்த்தைகளை மென்று முழுங்குவதாகக் குறைபட்டுக்கொண்டான். இந்தக் காலத்துக் கண்டக்டர்கள் விசில் ஊதுவதே இல்லை என்று டீக்கடையில் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆறு மாதத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறந்து சொன்னால் அப்புறம் என்ன மிச்சம்? மூட்டை தூக்க ஊரில் ஆயிரம் பேர். ட்ரம் செட்டுக்குப் பின்னால் இருக்கிற அந்த ஸ்டூல் போய்விட்டால், ஜோசப்ராஜ் என்று ஒருத்தன் இருப்பதாகவே செஞ்சிக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பயத்தில்தான் அவன் தலையாட்டக் கற்றுக்கொண்டான். யார் என்ன சொன்னாலும், உதட்டைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, சிரித்தால் சிரித்து, இல்லையென்றால் சரியென்று தலையை ஆட்டிவிடுவது. பாதிக்கு மேல் பேச்சுக்கு அதுவே போதும் என்று கண்டுபிடித்தபோது அவனுக்கே வியப்பாக இருந்தது. உலகத்தில் மனிதர்கள் பேசுவதில் பாதி, ஆமாம் என்று கேட்பதற்காகத்தான்.

வீட்டில்தான் அது பலிக்கவில்லை. அருளம்மாள் அவனுக்கு அத்தை மகள், மெதுவாகப் பேசுகிற சுபாவம். அடுப்படியில் நின்று அவள் முணுமுணுவென்று சொல்கிற ஊர்க்கதையைக் கேட்டுக்கொண்டேதான் அவன் சாப்பிடுவான், அது கல்யாணமான நாளிலிருந்து பழக்கம். இப்போது அவள் என்ன சொன்னாலும் தலையாட்டினான். கொஞ்ச நாளில் அவள் தானாகவே சத்தமாகப் பேச ஆரம்பித்தாள். சத்தமாகப் பேச ஆரம்பித்ததும் பேச்சு குறைந்துபோனது. சோறு, குழம்பு, மழை, ரேஷன், கரண்டு. கத்திச் சொல்லக்கூடிய விஷயங்கள் மட்டும் அந்த வீட்டில் தங்கின. மெதுவாகச் சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் எங்கே கொண்டுபோய் வைத்தாளோ தெரியாது.

இந்த நிலைமையில்தான் மைக் வாங்குகிற பேச்சு வந்தது. எண்பத்தாறாம் வருஷம். அதுவரைக்கும் குழுவில் இருந்த மைக்குகள் எல்லாம் பாடுகிறவர்களுக்குத்தான். சர்தாரின் கிட்டார், ஒரு சின்ன பெட்டி ஆம்ப்ளிபயரில் அதன் பாட்டுக்கு ஒலிக்கும். ட்ரம் செட்டுக்கு மைக்கே கிடையாது. பாட்டு குழாயில் ஊரெல்லாம் கேட்கும், கிட்டாரும் ட்ரம்மும் முன்வரிசையைத் தாண்டாது. பின்னால் நிற்கிறவர்களுக்கு மங்கை டீச்சர் தனியாக நின்று பாடுவது போல இருக்கும். மாசி மாதம் பீரங்கிமேட்டில் ஒரு கச்சேரிக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். பாண்டிச்சேரியிலிருந்து ஒரு ஏஜெண்ட் அதைக் கேட்க வருவதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் கடலூர் வரைக்கும் எல்லாத் திருவிழாவுக்கும் இவர்கள்தான். கிட்டார் பெட்டிக்கு ஒன்று, ட்ரம்முக்கு ஒன்று, ஒரே ரகத்தில் இரண்டு டைனமிக் மைக் வாங்கிவிடுவது என்று முடிவாயிற்று.

"ஜோசப்ப இட்னு போறேன். அவன் காது சொன்னா சரிதான்" என்றான் சர்தார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஜோசப்ராஜும் தலையாட்டினான். பஸ் ஏறிய பிறகுதான், எதற்குத் தலையாட்டினோம் என்பது அவனுக்கு முழுதாக உறைத்தது. வர மாட்டேன் என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்கள். 

மெட்ராஸ் ரிச்சி தெருவில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவரின் கடை. சின்ன இடம், கூரைவரைக்கும் அட்டைப்பெட்டி. விஷயத்தைச் சொன்னதும் அவர் அவசரப்படாமல் ஒரு மைக்கை எடுத்து, தலையைத் திருகிக் கழற்றிக் காட்டினார். உள்ளே மெல்லிய ஏடு, அதன் பின்னால் கம்பிச்சுருள், அதைச் சுற்றிக் காந்தம். ஏடு அதிர்ந்தால் சுருள் அசையும், சுருள் அசைந்தால் கரண்டு, அவ்வளவுதான். பாட்டரி வேண்டாம், எவ்வளவு சத்தம் போட்டாலும் உடையாது, ட்ரம்முக்குப் பக்கத்தில் வைக்க இதுதான் லாயக்கு என்றார். ஆனால் டைனமிக் என்று பேர் இருந்தால் மட்டும் எல்லாம் ஒன்றாகிவிடாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு, வாசித்துப் பார்த்து எடுங்கள் என்றார். நல்ல மனிதர். இரண்டு ரகத்தை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று கறுப்பாக, கட்டையாக, கையில் எடுத்தால் கனமாக இருந்தது. இன்னொன்று வெள்ளித் தலையோடு பளபளவென்று இருந்தது.

கொண்டுபோயிருந்த கிட்டாரைக் கடையிலிருந்த ஒரு பெட்டியில் மாட்டி சர்தார் வாசித்தான். பெரியவர் முதலில் கறுப்பு மைக்கைப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தினார். நேர் நடுவில் வைக்காமல் கொஞ்சம் ஓரமாக வைத்தால் சத்தம் பதமாக வரும் என்று வைத்தும் காட்டினார். அந்தக் கோடியில் இருந்த ஸ்பீக்கரில் கிட்டார் கேட்டது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே வண்டி தள்ளிக்கொண்டு போன ஒருத்தன் நின்று கேட்டுவிட்டுப் போனான். ஜோசப்ராஜுக்குப் பக்கத்து வீட்டில் யாரோ கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசிக்கிற மாதிரி இருந்தது.

அடுத்தது வெள்ளி மைக். சர்தார் தந்தியைத் தொட்டான்.

ஜோசப்ராஜ் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டான். தந்தியில் நகம் உரசுகிற சத்தம் கேட்டது. எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு! விரல் ஒரு கட்டையிலிருந்து இன்னொரு கட்டைக்கு வழுக்குவது கேட்டது. பக்கத்தில் கிடந்த அட்டைப்பெட்டியை மைக்குக்கு முன்னால் வைத்து விரலால் தட்டினான், ஒவ்வொரு விரலும் தனித்தனியாகக் கேட்டது. தன் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை, கெட்டுப்போனதெல்லாம் பச்சைமுத்துவின் ஓட்டை மைக்குகள்தான் என்று அந்த நிமிஷம் அவன் மனதார நம்பினான். சந்தோஷத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், அந்தச் சந்தோஷத்துக்கு அவனைத் திட்டவும் மனம் வரவில்லை.

"இதுதாம்பா. இன்னா தெளிவு பாரு" என்றான்.

பெரியவர் தலையை இடவலமாக ஆட்டினார். "அது அனவுன்ஸ்மெண்ட் மைக்குங்க. பஸ் ஸ்டாண்டுல, எலெக்‌ஷன் ஜீப்புல பேசறதுக்கு. கூட்டத்துல பேச்சு எடுபடணும்னு கீச்சுக்குரலா செஞ்சிருப்பான். இத ட்ரம் முன்னால வெச்சா காதக் கிழிச்சிடும்" என்றார். அவர் குனிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னதால், அவருடைய உதடு ஜோசப்ராஜுக்குத் தெரியவில்லை. சரி சரி என்று தலையாட்டினான்.

சர்தாருக்குக் கேட்டது. "இன்னாப்பா அவரு இப்டி சொல்றாரு? எனக்கும் அந்தக் கறுப்புதான் நல்லாருந்த மாதிரி இருக்குது" என்று காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னான்.

"கறுப்புல ஜாஸ்தி லாபம் இருக்கும், தள்ளிவுடப் பாக்கறாரு. நீ வாசிச்சினு இருந்த, உனக்கு இன்னா தெரியும்? உக்காந்து கேட்டது நானு. கறுப்பு செத்துப்போன மைக்குப்பா!"

சர்தார் இரண்டு மைக்கையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம், பேரிங் கதையும் பஸ் பந்தயமும் ஞாபகம் வந்ததோ என்னவோ, "சரி, நீ சொன்னா சரி" என்று வெள்ளியையே கட்டச் சொல்லிவிட்டான். பெரியவர் வெள்ளியையே கட்டிக் கொடுத்தார். தேடி வந்தவர்கள் கேட்காவிட்டால் அவர் என்ன செய்வார்?

ஊர் திரும்பியதும் பச்சைமுத்து கடையில் மாட்டிப் பார்த்தார்கள். மைக் செட்காரர்கள் மைக்கை எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரியும்தானே. இரண்டு தட்டு தட்டி, ஊதி, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றான் பச்சைமுத்து. பேச்சுக்கென்றே செய்த மைக், பேச்சு பளிங்கு மாதிரி கேட்டது. "சூப்பர்ணே!" என்றான். கிட்டாரையும் ட்ரம்மையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அங்கிருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. எந்த மைக்காக இருந்தாலும் ஹலோ சொல்லிப் பார்ப்பதோடு அந்த ஊரில் சோதனை முடிந்துவிடும்.

கச்சேரி அன்று சாயங்காலம் பீரங்கிமேடு நிரம்பி வழிந்தது. பாண்டிச்சேரி ஏஜெண்ட் வெள்ளைச் சட்டையில் முன்வரிசை நடுவில் உட்கார்ந்திருந்தார். அருளம்மாள் பெண்கள் பக்கத்தில், பாயில். முதல் பாட்டு சாமி பாட்டு, மெதுவாகப் போய் முடிந்தது. இரண்டாவது பாட்டில்தான் கிட்டாரும் ட்ரம்மும் சேர்ந்து எடுக்க வேண்டும். ஜோசப்ராஜ் சிம்பலில் ஒரு அடி அடித்தான்.

அவனுக்கு எப்படி இருந்தது என்றால், அடைத்துக்கொண்டிருந்த கதவு ஒன்று திறந்துவிட்ட மாதிரி இருந்தது. தலைக்குப் பின்னால் குழாயில் அவனுடைய தட்டு சிதறியது. சர்தாரின் தந்தி ஒவ்வொன்றும் எண்ணிக்கொள்கிற மாதிரி வந்தது. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று இருந்தது. குச்சியைத் தூக்கினான். கீழே பச்சைமுத்துவின் முகம் ஒரு மாதிரி கோணியது, ஆனாலும் வழக்கம் வழக்கம்தானே, ஏற்றினான். இன்னும் நன்றாக இருந்தது. மறுபடியும் தூக்கினான். பச்சைமுத்து என்னவோ வாயசைத்துச் சொன்னான். ஜோசப்ராஜ் தலையாட்டிவிட்டு மூன்றாவது தடவையும் தூக்கினான்.

முன்வரிசையில் ஆட்கள் எழுந்தார்கள். உற்சாகத்தில் எழுகிறார்கள் என்று நினைத்தான். ஒரு குழந்தை வாயை அகலத் திறந்து அழுதது, அதன் அழுகை கேட்கவில்லை. ஏஜெண்ட் கையை உயர்த்தினார். கை தட்டத்தான் உயர்த்துகிறார் என்று ஜோசப்ராஜ் சிரித்தான். அந்தக் கைகள் இரண்டும் காதுக்குப் போயின. பக்கத்தில் இருந்தவரும் காதைப் பொத்தினார். அதற்குப் பின்னால் இருந்தவர்களும். பெண்கள் பக்கம் பார்த்தான். பாயில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருத்தியும் முந்தானையை இழுத்துக் காதில் அடைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூட்டத்தில் காதைப் பொத்தாத ஒரே ஆள் அருளம்மாள். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பீரங்கிமேடு முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறது. அவனுடைய குச்சி மேலே தூக்கியபடி நிற்கிறது. அவனுக்கோ, வருஷக்கணக்கில் கேட்காத அளவுக்குப் பாட்டு இனிமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஊருக்கெல்லாம் கிழிந்த சத்தம் தனக்கு மட்டும் ஏன் இனிக்கிறது என்பதை அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. குச்சியை இறக்கக்கூட அவனால் முடியவில்லை.

சர்தார் கிட்டாரை நிறுத்திவிட்டு நடந்து வந்து, இரண்டு வெள்ளி மைக்குகளின் ஒயரையும் பிடுங்கிப் போட்டான். ஜனங்கள் காதிலிருந்து கையை எடுத்தார்கள். குழுவினர் மறுபடியும் பாட்டை எடுத்தார்கள். முகங்கள் தெளிந்தன, தலைகள் ஆடின. ஜோசப்ராஜ் பழையபடி கம்பளிக்குள் இருக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டு, சர்தாரின் காலாட்டத்தைப் பார்த்துத் தாளத்தைப் பிடித்து, கடைசிப் பாட்டுவரைக்கும் அடித்து முடித்தான். ஒரு இடத்திலும் பிசகவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

மறுநாள் சர்தார் வீட்டுக்கே வந்தான். நேருக்கு நேர் உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையையும் பிரித்துப் பிரித்துச் சத்தமாகச் சொன்னான். அவன் சத்தமாகப் பேசியதே ஜோசப்ராஜுக்குப் போதுமானதாக இருந்தது.

"ஏஜெண்டு ஒத்துக்கினாரு ஜோசப்பு. ஆனா... டிரம்முக்கு வேற ஆள் வேணும்னு சொல்லிட்டாரு."

"சரிப்பா."

"உன் மேல தப்பு இல்ல. எனக்குக் கறுப்புதான் புடிச்சிது, கடைக்காரரும் சொன்னாரு. உன் காத நம்பி என் காத வுட்டுட்டேன்."

"சரிப்பா" என்றான் ஜோசப்ராஜ் மறுபடியும். சர்தார் அழுதுவிட்டான். திண்டிவனத்திலிருந்து ஒருத்தன் அடுத்த வாரமே வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். வெள்ளி மைக்குகளைக் கடையில் திருப்பி எடுக்கவில்லை. ஒன்றைப் பச்சைமுத்து வைத்துக்கொண்டான், இன்னொன்றை ஜோசப்ராஜுக்குக் கொடுத்தார்கள். கையில்லாதவனுக்கு மோதிரம் கொடுத்த மாதிரி அவன் அதை வாங்கி வைத்தான்.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்து, அருளம்மாளிடம்தான் பேசினார். நரம்பு போய்விட்டது, போனது போனதுதான், மிஷின் வைத்தாலும் இரைச்சல்தான் பெரிதாகக் கேட்கும். அவள் அதை வெளியே வந்து மரத்தடியில் நின்று கத்திச் சொன்னாள். வருகிறவர் போகிறவரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மில்லிலும் பேரிங் ஒன்று அவனுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் உடைந்து, பெல்ட் அறுந்து வீசியது. யாருக்கும் அடிபடவில்லை. முதலாளி அவனை மிஷின் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லி, தவிட்டு மூட்டைக்கு மாற்றிவிட்டார்.

ஒருநாள் மத்தியானம் ரேஷன் வாங்கிக்கொண்டு இருவரும் கடைத்தெரு வழியாக வந்தார்கள். பச்சைமுத்து கடையில் ஆம்ப்ளிபயரைத் திறந்து வைத்து என்னவோ பற்றவைத்துக்கொண்டிருந்தான். கடை மூலையில் அந்த வெள்ளி மைக் ஆணியில் தொங்கியது. ஜோசப்ராஜ் நின்றான். நின்றவன், கடைக்குள் போய் மைக்கை எடுத்தான்.

"பச்சமுத்து, இத மாட்டுடா. ஒரு தபா. சத்தத்த நல்லா ஏத்தி வை."

பச்சைமுத்து அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மாட்டினான். வாசலில் கிடந்த குழாய் ஸ்பீக்கரை ஜோசப்ராஜ் இழுத்துத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். மைக்கை அருளம்மாள் கையில் கொடுத்தான்.

"இன்னாது இது? நான் இன்னா பேசறது?" என்று அவள் கூச்சத்தோடு பின்வாங்கினாள். அதுவே குழாயில் கேட்டது. கத்தாத குரல். அடுப்படியில் நின்று பேசுகிற அந்தக் குரல். ஜோசப்ராஜ் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான்.

"பேசுடி. எதுனா பேசு. வூட்ல பேசற மாதிரி மெதுவா பேசு."

அவள் தெருவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அரிசிப் பையைக் கீழே வைத்தாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் கவிழ்த்துக்கொண்டு சொன்னாள்.

"உனக்குக் காது கேக்கலன்னு எனக்கு முன்னயே தெரியும் மாமா. மங்க டீச்சர நீ கொற சொன்ன பாரு, அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் நான் ஏன் வாயத் தொறக்கலன்னா..."

எதிர்ச்சாரி தையல்கடையிலிருந்து ஒருத்தன் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தான். பக்கத்துக் கடைக்காரனும் இறங்கி வந்து கையை வீசி வீசிக் கத்தினான். சந்தை நேரம், தெருவில் போனவர்களெல்லாம் நின்றுவிட்டார்கள். பச்சைமுத்து பதறிப்போய் சுவிட்சை அணைத்தான்.

தலை குனிந்திருந்ததால் அருளம்மாள் அதைக் கவனிக்கவில்லை. மைக்கைப் பிடித்தபடி பேசிக்கொண்டேயிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, ஒரு கையை எடுத்து முந்தானையால் துடைத்துக்கொண்டு மேலும் பேசினாள். வெகுநேரம் பேசினாள். தெருவில் நின்ற தையல்காரனும் கடைக்காரனும் சத்தம் அடங்கிப்போய், அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருத்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்தத் தெருவில் அது கேட்காதவன் ஜோசப்ராஜ் ஒருவன்தான்.

சொல்லி முடித்து அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று காத்திருந்தாள்.

அவன் சரியென்று தலையாட்டினான்.